தக்கலை வீட்டுப் பரணில் இருந்த ஃபெண்டருக்கு என்ன வயது?

பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வயது கேட்டு வருபவர்கள் முதலில் காட்டுவது ஹெட்ஸ்டாக்கைத்தான், அதாவது கம்பிகளை முறுக்குகிற தலைப்பகுதியை. கம்பெனிப் பெயரும் சீரியல் நம்பரும் அங்கேதானே இருக்கின்றன என்பார்கள். நான் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பேன். அந்த எழுத்து ஒட்டுகிற டெக்கால். யார் வேண்டுமானாலும் அச்சடித்து, எந்த மரத்தின் மேலும் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசிவிடலாம். போலி செய்ய மிகச் சுலபமான இடம் அதுதான். பொய் சொல்ல யாரும் மெனக்கெடாத இடங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன.

இந்தக் கிட்டார் தக்கலைப் பக்கத்திலிருந்து வந்தது. ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல். பாடி முழுக்கக் கார்களுக்கு அடிக்கிற கருஞ்சிவப்பு டக்கோ பெயிண்ட். நெக்கும் விரல்பலகையும் மேப்பிள் மரம், பாடியின் முகப்பை மூடும் பிக்கார்ட் கறுப்பு. தம்பி ஒருவன் கொண்டுவந்தான். அவனுடைய அப்பா குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தது. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டுகளிலும் கொயரிலும் நிறைய வாசித்திருக்கிறார். அப்புறம் விரல் மூட்டு வலி வந்து, கிட்டார் பரணில் ஏறிவிட்டது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வெளிவந்த மாடல் என்று தம்பி எங்கேயோ படித்திருக்கிறான். "அண்ணே, இது அந்தக் காலத்து அம்பத்திநாலு மாடலா இருக்குமா?" என்பது கேள்வி. அதோடு, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற மூன்று பிக்கப்களில் நடுவில் உள்ளதில் சத்தம் இல்லை, வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு, மொத்தத்தில் போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஒரு மந்தமான சத்தம். வயதையும் பார்க்க வேண்டும், ரிப்பேரும் செய்ய வேண்டும்.

1954 இல்லை என்பது கையில் வாங்கும்போதே தெரிந்துவிட்டது. ஹெட்ஸ்டாக் பெரியது. லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றார். அந்த ஆண்டின் கடைசியில்தான் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஹெட்ஸ்டாக் பெருத்தது. அதற்கு முன்னால் சிறியது. ஹெட்ஸ்டாக் நெக்கோடு சேரும் இடத்தில் தோட்டா முனை மாதிரி ஒரு உலோகக் குமிழ் இருக்கிறது. நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடுகிற டிரஸ் ராட் என்ற தண்டைத் திருப்பும் இடம் அது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், நெக்கைப் பாடியோடு இறுக்குகிற நெக் பிளேட்டில் மூன்று ஸ்குரு, நடுவில் ஆலன் கீ போக ஒரு துளை. குமிழும் மூன்று ஸ்குருவும் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு வந்தது 1971இன் கடைசியில். ஆகவே 1971க்கு முன்னால் போக வழியில்லை. தம்பியின் முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் கேட்டுக்கொண்டான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வயது பார்க்கிற வேலை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு பாகத்தில் இருக்கிற அடையாளம் "இந்த ஆண்டில் செய்தது" என்று சொல்வதில்லை. "இந்த ஆண்டுக்கு முன்னால் இல்லை" என்று மட்டும்தான் சொல்கிறது. பாகம் தொழிற்சாலை அலமாரியில் எவ்வளவு காலம் கிடந்திருக்கும் என்பது வேறு கணக்கு. 1966இல் ஃபெண்டர் பாட்களை (வால்யூம், டோன் பட்டன்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) மொத்தமாக வாங்கிக் குவித்து வைத்ததால், 1969 வாக்கில் செய்த கிட்டார்களுக்குள்ளும் 1966 தேதி போட்ட பாட்கள் இருக்கின்றன. அந்தப் பாட்டை மட்டும் பார்த்து 1966 என்று எழுதிவிட்டால் மூன்று ஆண்டு தவறிவிடும். எனவே எல்லாப் பாகங்களிலும் கடைசித் தேதி எதுவோ அதைப் பிடிக்க வேண்டும். அப்புறம் அந்தப் பாகம் முதலிலிருந்தே அங்கே இருந்ததா, பின்னால் யாராவது மாற்றினார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. பதில் சால்டரில், அதாவது வயர்களைப் பற்றவைத்த ஈயத்தில் இருக்கிறது.

திறப்பதற்கு முன் துடைக்கவில்லை. இதில் நான் கறார். பலர் கிட்டார் கையில் கிடைத்ததும் பாலிஷ் போட்டு, பித்தளைக் களிம்பைச் சுரண்டி, ஸ்குருவை மாற்றி விடுகிறார்கள். அதோடு சாட்சியும் போய்விடுகிறது. ஜன்னல் பக்கம் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்தேன். கம்பிகளைத் தளர்த்தினேன். பிக்கார்டின் ஸ்குருக்களை எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று தெரியும்படி ஒரு அட்டையில் வரிசையாகக் குத்திவைத்தேன். இரண்டு ஸ்குரு மட்டும் மற்றவற்றோடு சேராமல் பளபளப்பாக இருந்தன, பின்னால் போட்டவை. மீதியில் தலையில் ஒரே மாதிரித் துரு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் துருவைப் பற்றிப் பேசாமல் இந்த வேலை நடக்காது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், பக்கத்திலேயே கடல். குளச்சல், முட்டம் என்று கேரலுக்கு அலைந்த கிட்டார் வேறு. ஆனால் துருவும் உதவி செய்கிறது. பாடியில் கம்பிகள் உட்காருகிற பிரிட்ஜில் ஆறு கம்பிக்கும் தாங்கியாக ஆறு சேடில். அவற்றின் சின்ன ஸ்குருக்கள் செந்துருவாகிக் கிடக்க, சேடில்களில் மட்டும் வெண்மையான பொடி பூத்திருந்தது. ஒரு சேடிலைக் கழற்றி, ஸ்குருக்களை எடுத்துவிட்டுக் காந்தத்தைக் காட்டினேன். ஒட்டவில்லை. 1971 வரைக்கும் சேடில்கள் மடித்த எஃகுத் தகடு, காந்தம் பிடிக்கும். அதற்குப் பின் வந்தவை அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை. துத்தநாகத்தில் செந்துரு வராது, இப்படி வெள்ளையாகத்தான் பூக்கும். மூன்று ஸ்குரு சொன்னதோடு இதுவும் ஒத்துப்போகிறது.

பிக்கார்டைத் தூக்கியதும் உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட வயர்கள். 1967-68 வரை ஃபெண்டர் பயன்படுத்தியது துணி சுற்றிய வயர். பிக்கப்களின் அடிப்பலகை சாம்பல் நிறம், காந்தத் துருவங்கள் ஆறும் ஒரே மட்டம். முன்னால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் ஏற்ற இறக்கமாக இருக்கும். 1974 வாக்கில்தான் சமமாக்கினார்கள். பிக்கப் மூடிகளும் கறுப்பு, பட்டன்களும் கறுப்பு. அது 1975 வாக்கில் வந்த மாற்றம். "இதற்கு முன்னால் இல்லை" என்கிற கோடு மெல்லப் பிந்தைய ஆண்டுகளுக்கு நகர்ந்துகொண்டே வருகிறது.

இப்போது பாட்கள். மொத்தம் மூன்று: ஒரு வால்யூம், இரண்டு டோன். பழைய அமெரிக்கப் பாட்டின் முதுகிலோ விளிம்பிலோ ஒரு எண் அடித்திருப்பார்கள். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி. 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலேப். இது கிட்டாருக்கென்று வைத்த எண் இல்லை. அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் தொழில் முழுவதற்கும் பொதுவானது. பழைய ஜென்சன் ஸ்பீக்கரில் 220 என்று இருப்பதும் இதே முறைதான். அடுத்து வருவது ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதும். டோன் பாட் இரண்டிலும் லென்ஸ் வைத்துப் படித்தேன்: 1377640. சி.டி.எஸ்., 1976, 40ஆவது வாரம். அதாவது அக்டோபர் தொடக்கம். இரண்டிலும் அதே எண்.

வால்யூம் பாட்டில் எண்ணே இல்லை. பட்டனைப் பிடுங்கியபோது உள்ளிருந்து ஒரு மடித்த காகிதத் துணுக்கு விழுந்தது. அமெரிக்கப் பாட்டின் தண்டில் பல் 24, மற்ற நாட்டுப் பாட்களில் பெரும்பாலும் 18. ஃபெண்டரின் பட்டன் அதில் பிடிப்பில்லாமல் ஆடியிருக்கிறது, யாரோ காகிதம் வைத்து இறுக்கியிருக்கிறார். மீட்டர் வைத்தால் 100 கிலோ ஓம் அளவுதான் காட்டியது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருக்க வேண்டியது 250 கிலோ ஓம். அந்தக் காலத்து ரேடியோவுக்குப் போடுகிற வால்யூம் கண்ட்ரோலைக் கையில் கிடைத்தபடி போட்டிருக்கிறார்கள். மந்தமான சத்தத்துக்குக் காரணம் இதுதான். பாட்டின் ஓம் குறையக் குறைய பிக்கப்பின் மேல் சுருதிகள் அதன் வழியாக எர்த்துக்குக் கசிந்து போய்விடும். செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் அன்றைக்கு வேறு பாட் கிடைத்திருக்காது, கிட்டாரும் அடுத்த கேரலுக்கு வாசிக்க வேண்டும்.

ஆனால் அவர் வைத்த சால்டர் எனக்குப் பெரிய உதவி. பக்கத்தில் பக்கமாக இரண்டு கை வேலை இருக்கிறது. டோன் பாட்டின் முதுகில் சால்டர் வட்டமாக, மேலே மழுங்கி, சாம்பல் நிறத்தில் படிந்திருக்கிறது. அதன் ஓரத்தைச் சுற்றிப் பிளக்ஸ், அதாவது சால்டரோடு உருகி வருகிற பிசின், தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கிறது, நகத்தால் தொட்டால் துகளாக உதிர்கிறது. வயரின் பிளாஸ்டிக் எங்கேயும் கருகவில்லை. வால்யூம் பாட்டில் முதுகை அரம் போட்டு ராவிய கோடுகள், மேலே ஒரு பெரிய உருண்டை, பிளக்ஸ் கறுத்துப்போயிருக்கிறது, வயர் உறை உருகிப் பின்வாங்கியிருக்கிறது. இந்தக் கையின் வேலை எங்கெங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு இணைப்பாகத் தேடினேன். வால்யூம் பாட்டின் மூன்று கால்கள், அதன் முதுகு, ஜாக்குக்குப் போகிற வயர். அவ்வளவுதான். சுவிட்ச் பக்கம் அவர் போகவே இல்லை.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இந்தக் கிட்டாரில் இருப்பது மூன்று நிலை சுவிட்ச். ஃபெண்டர் 1977இல் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு ஐந்து நிலை சுவிட்ச் போட ஆரம்பித்தது. சுவிட்சின் எல்லாக் கால்களிலும் தொழிற்சாலைச் சால்டர் கலையாமல் இருக்கிறது. ஆகவே மூன்று நிலை சுவிட்ச் ஆதியிலிருந்தே இருப்பது. பாட் 1976 அக்டோபருக்கு முன்னால் விடவில்லை. சுவிட்ச் 1977க்குப் பின்னால் விடவில்லை.

நெக்கையும் கழற்றினேன். பொதுவாகத் தேவையில்லாமல் கழற்ற மாட்டேன், ஆனால் ஆறாவது கம்பி விரல்பலகையின் விளிம்புக்கு வழுக்கிப் போயிருந்தது. மூன்று ஸ்குரு நெக்கில் இது அடிக்கடி வரும். ஸ்குரு தளர்ந்தால் நெக் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். நெக்கின் அடியில் அடித்திருந்த மை முத்திரை கரைந்து படிக்க முடியாமல் போயிருந்தது. அது போனதில் எனக்கு வருத்தம்தான், அந்த முத்திரை தெளிவாக இருந்தால் நெக் செய்த காலம் நேராகவே கிடைத்திருக்கும். இன்னும் பழைய நெக்குகளில், 1960களில், ஒரு எண்ணும் மாதமும் ஆண்டும் அடித்திருப்பார்கள். முதலில் வருகிற அந்த எண்ணைத் தேதி என்று நிறையப் பேர் படித்துவிடுகிறார்கள். அது தேதி இல்லை, மாடலின் குறியீடு.

பாடியில் நெக் உட்காரும் பள்ளத்தில் பெயிண்டின் அடுக்குகள் தெரிந்தன. மேலே கருஞ்சிவப்பு. அதன் கீழே தடிமனான, கண்ணாடி மாதிரிப் பூச்சு. 1968 வாக்கிலிருந்து ஃபெண்டர் பூசிய பாலியெஸ்டர் அது. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்த இடத்தில் கறுப்பிலிருந்து பழுப்புக்கு மங்கிப் போகிற நிறம். சன்பர்ஸ்ட்! விளிம்பு கறுத்து நடுவில் மரம் தெரிகிற பாணி.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஹெட்ஸ்டாக்குக்குப் போனேன். 1976இல் ஃபெண்டர் சீரியல் நம்பரை நெக் பிளேட்டிலிருந்து ஹெட்ஸ்டாக் டெக்காலுக்கு மாற்றியது. முதலில் 76 என்று தொடங்கும் எண்கள், அப்புறம் எஸ் எழுத்தோடு ஒரு இலக்கம். எஸ் என்றால் எழுபதுகள், இலக்கம் ஆண்டு. இதில் எஸ் 7. கேட்டால் 1977 என்று தோன்றும், ஆனால் இந்த எண்களைக் கறாராக நம்ப முடியாது. அச்சடித்த டெக்கால் தீரும் வரை ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எஸ் 9 எண்கள் 1981 வரைகூட வந்திருக்கின்றன. உள்ளே பார்த்த கணக்கோடு ஒத்துப்போவதால்தான் இந்த எஸ் 7க்கு மதிப்பு.

டெக்கால் ஆதியில் ஒட்டியதுதானா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஹெட்ஸ்டாக்கின் முகப்பு நல்ல மஞ்சள், பின்பக்கமும் நெக்கும் வெளிறிக் கிடக்கின்றன. நெக்குக்குப் பாலியெஸ்டர் பூசிய காலத்தில், டெக்கால் அதோடு ஒத்துப்போகாது என்பதால் முகப்புக்கு மட்டும் லாக்கர் பூசினார்கள். லாக்கர் காலம் போகப் போக மஞ்சளாகும். மற்றது அவ்வளவாக ஆகாது. பக்கவாட்டில் அந்த இரண்டு நிறமும் சந்திக்கிற கோடு தெளிவாகத் தெரிகிறது. இதைப் போலியாகச் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முழுவதையும் ஒரே மஞ்சளாக்கி விடுவார்கள்.

பாகங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கோட்டைத்தான் போடும், மறுபக்கத்தை உறுதிப்படுத்த வெளியிலிருந்து ஒரு காகிதம் வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். பில், கடிதம், பழைய போட்டோ, எதுவானாலும் சரி. அவனுடைய அப்பாவே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவோடு வந்தார். கேரல் கூட்டம், நடுவில் கிட்டாரோடு அவர். போட்டோவின் பின்னால் நாகர்கோவில் ஸ்டூடியோ ஒன்றின் ரப்பர் முத்திரை, 2.1.80 என்று தேதி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கிட்டாரின் விளிம்பு கறுத்து நடு வெளிறியிருக்கிறது. பள்ளத்தில் பார்த்த சன்பர்ஸ்ட் அப்படியே. ஹெட்ஸ்டாக்கின் உருண்டை முனையில் இப்போது ஒரு சின்னத் துண்டு பெயர்ந்திருக்கும் இடத்தில் போட்டோவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. "கொண்டுவந்த வருஷமே கப்பேளை நடையில வச்சு இடிச்சிட்டு மக்கா" என்றார். கப்பேளை என்றால் சின்ன ஆலயம். அப்படியென்றால் இதே நெக், இதே பாடி, 1979 கிறிஸ்துமஸுக்கு ஊரில் இருந்திருக்கிறது. 1977இல் செய்தது கடல் தாண்டிக் குவைத் கடைக்கு வந்து, அங்கே கண்ணாடிக்குள் தொங்கி, இவர் கைக்கு வர அந்த அவகாசம் சரியாகவே இருக்கிறது. என் முடிவு: 1977, அதிலும் பெரும்பாலும் முற்பாதி.

ரிப்பேர் விஷயத்தை இனி வேகமாகச் சொல்லிவிடலாம், நடு பிக்கப்பைத் தவிர. மற்ற இரண்டு பிக்கப்பும் 5.5க்கும் 6க்கும் இடையில் கிலோ ஓம் காட்டின. நடுவில் உள்ளது ஒன்றுமே காட்டவில்லை. சுருள் எங்கேயோ அறுந்திருக்கிறது. இந்தக் கம்பியின் தடிமன் 0.06 மில்லிமீட்டர் அளவுதான், தலைமுடியைவிட மெலிது. முழுச் சுருளையும் பிரித்துச் சுற்றுவதற்கு முன் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஈரக் காற்று முதலில் கடிப்பது அந்த இடத்தைத்தான். அடிப்பலகையில் கம்பி முனையைப் பற்றவைக்கிற பித்தளைக் கண்ணில் பச்சைக் களிம்பு, அதற்கு ஒரு மயிரிழை முன்னால் கம்பி அறுந்து நின்றது. நல்லவேளை, சுருளின் வெளி முனை. உள் முனையாக இருந்தால் மேலே பல ஆயிரம் சுற்று இருக்கும், நெருங்கவே முடியாது. சுருளிலிருந்து ஒரு சுற்றை மட்டும் பல்குத்தும் குச்சியால் எடுத்துத் தளர்த்தினேன். இரும்புச் சாமணம் பக்கத்தில் போகக் கூடாது, காந்தத் துருவம் பட்டென்று இழுத்து மொத்தச் சுருளையும் கிழித்துவிடும். முனையின் வார்னிஷைச் சூடான சால்டரின் துளியில் தோய்த்து எரித்துவிட்டுக் கண்ணில் பற்றவைத்தேன். மீட்டரில் 5.6. நடு பிக்கப் பேசியது.

வால்யூமுக்குப் புதிய 250 கிலோ ஓம் சி.டி.எஸ். பாட் ஆன்லைனில் வரவழைத்துப் போட்டேன். கழற்றிய ரேடியோ பாட்டை அந்தக் காகிதத் துணுக்கோடு ஒரு கவரில் போட்டுக் கிட்டார் பெட்டியில் வைத்தாயிற்று, அதுவும் இந்தக் கிட்டாரின் வரலாறுதான். டோன் பாட்களுக்குக் கிளீனர் மட்டும், சால்டரைத் தொடவில்லை. சேடில் ஸ்குருக்களில் எண்ணெய்ச் சொட்டு விட்டு ஒரு இரவு ஊறவிட்டதும் அசைந்துகொடுத்தன. டிரஸ் ராடுக்கு எட்டில் ஒரு பங்கு இன்ச் ஆலன் கீ. மூன்று மில்லிமீட்டர் சாவி உள்ளே போகும், ஆனால் லூஸ். அதைப் போட்டுத் திருப்பினால் குமிழின் உட்பக்கம் வட்டமாகத் தேய்ந்துவிடும், பிறகு அந்த நெக்குக்கு வழியே இல்லை.

கருஞ்சிவப்பை உரித்துச் சன்பர்ஸ்டை வெளியே கொண்டுவரலாமா என்று தம்பி கேட்டான். பெயிண்ட் மாற்றிய பழைய கிட்டாருக்கு விலை குறைவு என்பது அவனுக்குத் தெரியும். அடியில் இருக்கிற பாலியெஸ்டரை அரம் காகிதம் போட்டுத் தேய்த்த பிறகுதான் டக்கோ அடித்திருப்பார்கள். உரித்தாலும் முழுசாகக் கிடைக்காது. அதைச் சொல்வதற்குள் அவனுடைய அப்பா முந்திக்கொண்டார். "அந்தப் பெயிண்டு நான் வொர்க்‌ஷாப்புல நின்னு அடிக்க வச்சது. அது அப்படியே கெடக்கட்டு." சரி என்று விட்டுவிட்டோம். விற்கப் போவதில்லை என்னும்போது விலையைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை.

ஐந்து நிலை சுவிட்ச் போடலாமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு நானே வேண்டாம் என்றேன். வயதைச் சொன்ன பாகமே அந்தச் சுவிட்ச்தான், அதன் சால்டரைக் கலைக்க எனக்கு மனமில்லை. ஐந்து நிலை வருவதற்கு முன்னால் வாசித்தவர்கள் மூன்று நிலை சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்கப் சேர்ந்த சத்தத்தை எடுத்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலைக்கு மாறியதே அதனால்தான். சுண்டுவிரலால் லேசாகத் தள்ளி, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கிற இடத்தில் எப்படி நிறுத்துவது என்று தம்பிக்குக் காட்டிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டான்.